விதை மறந்ததை உழவர் விலைக்கு வாங்கணும்

புகையானைத் தெரியாத நெல் உழவர் இருக்க முடியாது. தூருக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாறு குடிக்கும். வயலில் வட்ட வட்டமாகத் தீய்ந்த மாதிரி பயிர் காயும். இந்தப் பூச்சியில் ஒன்றைக் கவனிச்சிருப்பீங்க. சிலதுக்கு உடம்பையே மூடுகிற நீள இறக்கை. சிலதுக்குக் குட்டை இறக்கை, பறக்க முடியாது. இரண்டும் வேறு வேறு பூச்சி இல்லை. ஒரே இனம்தான்.

பயிர் பச்சைப்பசேல் என்று சாறு கட்டி நிற்கிறது, இடமும் தாராளம் என்றால் குட்டை இறக்கைப் பூச்சிகள் அதிகமாகும். பறக்கிற செலவு மிச்சம் இல்லையா, அந்தத் தெம்பு முட்டைக்குப் போகும். கூட்டம் நெருக்கி, பயிரும் வாட ஆரம்பித்தால், அடுத்து வளர்கிற குஞ்சுகள் நீள இறக்கையோடு வரும். வேறு வயல் தேடிக் கிளம்பிவிடும்.

ஆக, புகையானுக்குச் சாறு குடிப்பது கட்டாயம். பறக்கிற இறக்கை கட்டாயம் இல்லை, தேவைப்பட்டால் மட்டும். யூரியாவை அள்ளிக் கொட்டிப் பயிரைக் கரும்பச்சையாக்குகிறவர், "இங்கேயே இரு, பிள்ளை குட்டியைப் பெருக்கு" என்று புகையானுக்குத் தாம்பூலம் வைத்து அழைக்கிறார் என்பது தனிக்கதை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது வேறு. உயிர்களின் குணங்களில் எது கட்டாயம், எது தேவைப்பட்டால் என்ற இந்தக் கணக்கு உழவரின் சட்டைப்பை வரைக்கும் வந்து நிற்கிறது. அதை நாம் சரியாகப் படிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இரண்டு வகைக் குணம்

சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உள்ளே காற்று புகுந்தால் எரிவாயு வராது. அதில் எரிவாயு உண்டாக்குகிற நுண்ணுயிருக்குக் காற்று ஆகாது. காற்றில்லாத இடம் அதற்குக் கட்டாயம். கள்ளைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட் அப்படி இல்லை. காற்று இருந்தால் காற்றோடு பிழைக்கும். இல்லையென்றால் காற்றில்லாமலே சர்க்கரையைச் சாராயமாக்கிப் பிழைக்கும். அதற்கு இரண்டு வழியும் தெரியும்.

செடியிலும் இதே கதைதான். சந்தனக் கன்றுக்குப் பக்கத்தில் துவரை நடச் சொல்கிறார்களே, ஏன்? சந்தன வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்து நீரும் சத்தும் எடுத்தால்தான் ஒழுங்காக வளரும். அதற்குத் துணை வேண்டும். தட்டைப்பயறு அப்படி இல்லை. வேர் முடிச்சு நுண்ணுயிரோடு கூட்டு சேர்ந்தும் வளரும். மண்ணில் தழைச்சத்து தயாராக இருந்தால், கூட்டே இல்லாமலும் வளரும்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலருக்கும், ஏன், ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஒரு தடுமாற்றம் வருகிறது. "கட்டாயம் இல்லை" என்றதும் "தேவையில்லை" என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றா? வீட்டில் குடை இருக்கிறது. வருஷத்தில் முந்நூறு நாள் அது மூலையில்தான் கிடக்கும். அதற்காகத் தூக்கி எறிவோமா?

ஒரே சேதிக்கு இரண்டு பதில்

வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். பயிர் முழுக்கத் தண்ணீரில் மூழ்கினால், செடியிலேயே உண்டாகிற எத்திலீன் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேரும். வாழைக்காயைப் பழுக்க வைக்கிறதே, அதே எத்திலீன். "மூழ்கிட்டோம்" என்று செடிக்குச் சேதி சொல்வது அதுதான்.

சாதாரண நெல் ரகம் இந்தச் சேதி வந்ததும் பதறியடித்து மேலே வளரப் பார்க்கும். கையிருப்பு மாவுச்சத்தை எல்லாம் அதிலேயே செலவழிக்கும். தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகும். ஒடிசா உழவர்கள் வைத்திருந்த தால்புட்டியா என்ற நாட்டு நெல்லுக்கு வேறு வித்தை தெரியும். சேதி வந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்துவிடும். இரண்டு வாரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் வடிந்ததும் மிச்சம் வைத்த சத்தை எடுத்துத் துளிர்க்கும். அந்த நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகத்தில்தான் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து, 2006-இல் உலகத்துக்குச் சொன்னார்கள். 'சப்-1' என்று பெயர் வைத்தார்கள். அதை ஏற்றிய சுவர்ணா-சப்1 ரகம் 2009-இல் இந்தியாவில் வெளிவந்தது. நம் டெல்டாவில் போடுகிற சி.ஆர்.1009 சப்-1 ரகத்தில் இருப்பதும் அதே சொத்துதான்.

வங்கதேசத்தின் ஆழநீர் நெல் இதற்கு நேர் எதிர். அங்கே தண்ணீர் இரண்டு வாரத்தில் வடியாது, மாதக்கணக்கில் நிற்கும். மூச்சை அடக்கினால் சாவுதான். அதனால் அதே எத்திலீன் சேதியைக் கேட்டதும் அது எழுந்து ஓடும். ஒரே நாளில் 20, 25 செ.மீ. வரைக்கும் தண்டு நீளும். தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரே சேதி, இரண்டு ஊர், இரண்டு பதில். இரண்டுமே தேவைப்பட்டால் மட்டும் வெளியே வருகிற குணம். வெள்ளம் வராத வருஷத்தில் இந்த நெல் வயலைப் பார்க்கிறவருக்கு அதற்குள் இப்படி ஒரு வித்தை இருப்பதே தெரியாது. பத்து வருஷம் சும்மா கிடந்து, பதினோராவது வருஷம் ஒரே ஒரு வாரம் வேலை செய்யும். அந்த ஒரு வாரத்தில் குடும்பத்தின் சாப்பாடு இருக்கிறது. நம் பக்கத்திலும் மடுமுழுங்கி என்று ஒரு நெல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் சும்மா அழகுக்காக வைக்கவில்லை. அந்தப் பெயருக்குள் அவர்கள் பார்த்த வெள்ளம் இருக்கிறது.

உறங்குவது வேறு, மறப்பது வேறு

இப்போது பயறுக்கு வருவோம். உளுந்துச் செடியைப் பூக்கிற நேரத்தில் மண்ணோடு பெயர்த்து எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நம் ரத்தத்தின் சிவப்புக்குச் சொந்தக்காரப் பொருள்தான் அங்கேயும் இருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

அந்த நுண்ணுயிர் சும்மா வேலை செய்வதில்லை. செடி தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கிறது. அதனால் மண்ணில் யூரியா போட்டுத் தழைச்சத்து நிறைய இருந்தால், செடி என்ன செய்யும்? "கூலி கொடுத்து வாங்குவானேன், இதோ ஓசியில் கிடக்கே" என்று முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். வேரோடு கூட்டு சேர்கிற பூஞ்சையும் அப்படித்தான். 'வேம்' என்று பொட்டலத்தில் விற்கிறார்களே, அதுதான். டி.ஏ.பி.யைக் கொட்டி மணிச்சத்து மிஞ்சிக் கிடக்கிற மண்ணில், பயிர் அந்தப் பூஞ்சையை வேருக்குள் அதிகம் சேர்க்காது. ஒரு பக்கம் டி.ஏ.பி., இன்னொரு பக்கம் வேம் பொட்டலம் என்று இரண்டையும் வாங்கிப் போடுகிறவர் இரண்டு கடைக்காரரையும் வாழ வைக்கிறார்.

இதைப் பார்த்துவிட்டு, "உரம் போட்டுப் போட்டு செடி சோம்பேறி ஆயிடுச்சு" என்று நம் கூட்டங்களில் பேசுகிறோம். அது சரியில்லை. செடி சோம்பேறி ஆகவில்லை, கணக்குப் பார்க்கிறது. உரத்தை நிறுத்தி, மண்ணைத் தேற்றினால், அதே விதை மறுபடியும் முடிச்சு கட்டும். திறமை போகவில்லை, உறங்குகிறது.

பயப்பட வேண்டியது இன்னொன்றுக்கு. திறமை விதையிலிருந்தே கழன்று போவது. உறங்குகிறவரை எழுப்பலாம். ஊரை விட்டே போனவரை எங்கே தேடுவது?

அது எப்படிப் போகிறது? யாரும் சதி செய்து பிடுங்குவதில்லை. தேர்வு நடக்கிற இடத்தில் சோதிக்கப்படாத குணம் மெல்ல மெல்ல நழுவும், அவ்வளவுதான். தண்ணீர் குறையாமல், உரம் குறையாமல், பூச்சி வந்த அன்றே மருந்தடித்து வளர்த்த வயலில் "எது அதிகம் விளையுது" என்று மட்டும் பார்த்து விதை எடுத்தால், மூச்சை அடக்கத் தெரிந்த செடிக்கும் தெரியாத செடிக்கும் ஒரே மதிப்பெண்தான். நல்ல நுண்ணுயிரைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த வேருக்கும் தெரியாத வேருக்கும் அங்கே வித்தியாசம் தெரியாது.

அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் சுமார் 60 ஆண்டுகளில் வெளிவந்த சோயா ரகங்களை வரிசையாக வைத்துச் சோதித்து, 2007-இல் வெளியிட்டார்கள். வேலை செய்கிற நுண்ணுயிரும், கூலி மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத நுண்ணுயிரும் கலந்திருந்த நிலையில், பழைய ரகங்கள் சமாளித்த அளவுக்குப் புதிய ரகங்கள் சமாளிக்கவில்லை. சத்து மிகுந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால், ஏமாற்றுகிறவனை அடையாளம் காணுகிற திறமை தளர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் வைத்த காரணம். கேட்கக் கேட்க நம் ஊர்க் கதை மாதிரி இல்லையா?

கோழி விட்ட வேலை

இதற்கு எல்லாருக்கும் தெரிந்த சாட்சி கோழி. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள். அந்த நாட்களில் முட்டையும் இல்லை, மேய்ச்சலும் குறைவு. முட்டைப் பண்ணைக்காரர் கண்ணுக்கு அது தண்டச் செலவு. அதனால் அடை உட்காராத கோழியாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கினார்கள். வெள்ளை லெகார்ன் வருஷத்துக்கு 300 முட்டை வரைக்கும் இடுகிறது. அடை காக்கிறதை ஏறக்குறைய மறந்தே போனது.

ஒரு தனிக் கோழிக்கு அடை உட்காருவது கட்டாயம் இல்லைதான். உட்காராமலும் அது உயிர் வாழும். ஆனால் கோழி இனத்துக்கு? யாராவது ஒருத்தர் 21 நாள் சூடு கொடுத்தே ஆக வேண்டும். கோழி விட்ட வேலையை இன்று இன்குபேட்டர் செய்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டும், பொரிப்பகம் வேண்டும், குஞ்சு வாங்கக் காசு வேண்டும். கொல்லையில் சிறுவிடைக் கோழி வைத்திருக்கிற பாட்டிக்கு இதில் எதுவுமே வேண்டாம். ஒரு கூடையும் கொஞ்சம் வைக்கோலும் போதும்.

நான் சொல்ல வந்த ஒற்றை வரி இதுதான். உயிருக்கு "தேவைப்பட்டால்" என்று இருந்த குணம் போய்விட்டால், அது உழவருக்குக் "கட்டாயம்" ஆகிவிடுகிறது. வேர் முடிச்சுத் திறமை போனால் யூரியா கட்டாயம். அடை போனால் இன்குபேட்டர் கட்டாயம். வறட்சி தாங்குகிற குணம் போனால் ஆழ்துளைக் கிணறு கட்டாயம். உயிர் தன் உடம்புக்குள் இலவசமாகச் செய்துகொண்ட வேலையை, நாம் வெளியே ரசீது போட்டு வாங்குகிறோம். அதுவும் ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு போகத்துக்கும்.

"அப்ப ஐ.ஆர்.8 தப்பா?"

நியாயமான கேள்வி. பதிலும் நியாயமாக இருக்கணும். 1966-இல் ஐ.ஆர்.8 வந்தபோது நாட்டில் பசி இருந்தது. உயரமான நாட்டு நெல்லுக்கு உரம் போட்டால் கதிர் பாரம் தாங்காமல் சாயும். குட்டை ரகம் சாயவில்லை, விளைச்சலும் அதிகம். பழைய சம்பா ரகங்கள் பல பகல் பொழுது சுருங்குவதைப் பார்த்துத்தான் பூக்கும். ஐ.ஆர்.8-க்கு அந்தக் கட்டு இல்லை. எந்தப் பட்டத்திலும் போடலாம். இவையெல்லாம் லாபம்தான், மறுக்கக் கூடாது.

ஆனால் லாபத்தை எழுதினவர்கள் செலவுப் பக்கத்தை எழுதவில்லை. உயரம் போனதோடு மாட்டுக்கு வைக்கோல் குறைந்தது. பொழுது பார்த்துப் பூக்கிற குணத்தில் ஒரு காப்பு இருந்தது. மழை தாமதமாகி நடவு பதினைந்து நாள் தள்ளிப் போனாலும், பூக்கிற நேரம் அந்த அளவுக்குத் தள்ளிப் போகாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை வெயிலில் அறுவடைக்கு வரும். நாள் கணக்கில் மட்டும் ஓடுகிற ரகத்தில், நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். விதை உறக்கமும் அப்படித்தான். முற்றிய நெல் உடனே முளைக்காமல் சில வாரம் தூங்குவது விதைக்கிறவருக்குத் தொந்தரவாகத் தெரியலாம். அந்தத் தூக்கம் இல்லாத ரகத்தை, குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்ட வயலில் பாருங்க. கதிரிலேயே பச்சை முளை விட்டு நிற்கும்.

விட்டதில் எதை விட்டோம், பதிலுக்கு எதை வாங்கினோம் என்று கணக்கு எழுதிவிட்டு விட்டிருந்தால் நமக்கு வருத்தம் இல்லை. எழுதவே இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

கட்டாயம் என்று நாம் நம்புவது

இதே கணக்கில் எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. தேவைப்பட்டால் மட்டும் என்பதைக் கட்டாயம் என்று நம்புவது. நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்கணும் என்கிறோம். நெல் தாமரை இல்லை. நிற்கிற தண்ணீரில் பிழைக்க அதன் வேருக்குள் காற்றுக் குழாய் இருக்கிறது. அது அதன் திறமை, தேவை இல்லை. தண்ணீரை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் களையை அடக்க நாம் வைத்த வழி. மடகாஸ்கரில் ஆன்ரி தெ லொலானியே என்ற பாதிரியார் 1980-களில் அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து வகுத்த முறையைத்தான் நாம் ஒற்றை நாற்று நடவு என்கிறோம். 8 முதல் 15 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25 செ.மீ. இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலும். வேர் வெள்ளையாக, ஆழமாக இறங்கி, தூர் வெடித்து நிற்பதை நம்மில் எத்தனையோ பேர் பார்த்துவிட்டோம்.

பூச்சிமருந்தும் கட்டாயம் என்றார்கள். இந்தோனேசியாவில் அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. மருந்து சிலந்தியையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் முதலில் கொன்றதுதான் காரணம். 1986-இல் அந்த அரசு நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. நெல் விளைச்சல் விழுந்துவிடவில்லை. அப்படியானால் அத்தனை வருஷம் கட்டாயம் என்று சொன்னது யாருக்குக் கட்டாயம்?

நம்ம வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி

அடுத்தவரை மட்டும் குறை சொல்லி முடிக்க மனசு வரவில்லை. நாட்டு நெல் மீட்பில் நாம் கொஞ்ச தூரம் வந்திருக்கிறோம். விதைத் திருவிழாக்களில் கை நிறைய விதை வாங்கிப் போகிறோம். ஆனால் வாங்கிப் போய் என்ன செய்கிறோம்? அரிசி நிறம் நல்லா இருக்கா, சந்தையில் விலை போகுதா, மருத்துவ குணம் என்று அட்டையில் போடலாமா என்றே பார்க்கிறோம். மடுமுழுங்கியை மேட்டு நிலத்தில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறோம். பெரிய கதிர், பளபள மணி என்று பொறுக்கி விதை எடுக்கிறோம். வயலில் கலப்பு வந்து, வெள்ளம் தாங்காத செடி நாலு சேர்ந்தால் நமக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷம் கழித்து மடுமுழுங்கி என்று பெயர் இருக்கும். மடுவை முழுங்குமா என்பது அன்றைக்கு வெள்ளம் வந்தால்தான் தெரியும்.

ஆராய்ச்சி நிலையம் செய்த அதே தப்பை, இயற்கை உழவர் என்ற பெயரில் நாமும் செய்யக் கூடாது. சொகுசு வயல் எதுவானாலும், அது பஞ்சகவ்யம் ஊற்றிய வயலாகவே இருந்தாலும், சோதிக்காத குணம் நழுவும்.

அதனால் சில காரியங்களைச் சொல்கிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

விதைக்கு விடுகிற நிலத்தில் ஒரு மூலை, ஒரு சென்ட் போதும், அதைக் கஷ்டப்பட விடுங்க. வறட்சி ரகமா, அங்கே தண்ணீர் காட்டாதீங்க. வெள்ளம் தாங்குகிற ரகமா, பள்ளத்தில் சில நாள் மூழ்க விடுங்க. அங்கே தப்பிப் பிழைத்த செடியிலிருந்து அடுத்த வருஷ விதையில் ஒரு பங்கை எடுங்க.

பயறு போட்டால் பூக்கிற சமயத்தில் நாலு இடத்தில் செடியைப் பெயர்த்து முடிச்சைக் கிள்ளிப் பாருங்க. மண் தேறியிருக்கா இல்லையா என்று ஒரு பைசா செலவில்லாமல் சொல்லும் ஆய்வுக்கூடம் அது. பத்துக் கோழி வளர்த்தால், அதில் நாலாவது நல்லா அடை உட்காருகிற கோழியாக இருக்கட்டும். அதன் வழியில் வந்த பெட்டையை விற்காதீங்க.

விதை கைமாறும்போது பெயரும் வயசும் மட்டும் எழுதிக் கொடுக்காதீங்க. எத்தனை நாள் மூழ்கி நின்றது, எத்தனை நாள் காய்ந்து கிடந்தது, எந்த மழையில் கதிரில் முளைக்காமல் தாங்கியது என்று அது பட்ட பாட்டையும் எழுதுங்க. பாடு எழுதாத விதை, சாதகம் இல்லாத பிள்ளை மாதிரி.

அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கோரிக்கை வைப்போம். புது ரகம் வெளியிடும்போது, முழு உரம் முழுத் தண்ணீரில் என்ன விளைச்சல் என்பதோடு, உரமே போடாமல் என்ன விளைச்சல், பூக்கிற சமயத்தில் தண்ணீர் தவறினால் என்ன விளைச்சல் என்றும் சோதித்து, விதைப் பையிலேயே அச்சடிக்கணும். மாத்திரை அட்டையில் எச்சரிக்கை போடச் சொல்கிற நாட்டில், விதை எதை மறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள உழவருக்கு உரிமை இல்லையா?

மழை இப்போது சொன்ன நாளில் வருவதில்லை. வந்தால் ஒரே நாளில் கொட்டுகிறது. வராவிட்டால் மாதக்கணக்கில் ஏமாற்றுகிறது. வருகிற காலம் "தேவைப்பட்டால்" குணங்களுக்குத்தான் அடிக்கடி வேலை வைக்கப் போகிறது. வெள்ளம் வந்த பிறகு விதைக்குள் அந்தக் குணத்தை ஊற்ற முடியாது. அதனால் அடுத்த விதைத் திருவிழாவில் விதையைக் கையில் வாங்கும்போது, "இது எவ்வளவு விளையும்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்காதீங்க. "இது எதையெல்லாம் தாங்கி வந்திருக்கு?" என்றும் கேளுங்க. பதில் சொல்லத் தெரிந்தவரிடம் ஒரு கை கூடவே வாங்குங்க.